ரீஸ் என்ற பிரிட்ஜ் வாத்தியார்

நம் விடுதியின் இரண்டாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் 1973 முதல் 1976 வரை இருந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் முதல் பாதி ஏற்கெனவே தெரியும். மற்றவர்களுக்கும் இன்றைய மாணவர்களுக்கும் சொல்கிறேன். அந்த அறையில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் 28 ஆட்டம் நடக்கும். காசு கிடையாது, தோற்றவர் மறுநாள் காலை எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும், அவ்வளவுதான். அந்த டீக்காக நாங்கள் செய்த திருட்டுத்தனம் கொஞ்சநஞ்சம் இல்லை. காதைச் சொறிந்தால் ஆட்டின் ஜாக்கி கையில் இருக்கு. மூக்கைத் தொட்டால் இஸ்பேடு. ஒருத்தனுக்கு நிஜமாகவே ஜலதோஷம் பிடித்த ஒரு வாரம் பெரிய ரகளையாகிவிட்டது.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கணித முதுகலை அண்ணன் ஒருவர் ஒரு நாள் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பழைய புத்தகம் வாங்கிவந்தார். அட்டை பாதி கிழிந்திருந்தது. பெயர் 'பிளே பிரிட்ஜ் வித் ரீஸ்'. "டேய், சைகை காட்டி ஆடுறதை விட்டுட்டு மூளையை வெச்சு ஆடக் கத்துக்கங்கடா" என்று மேசையில் போட்டார். எங்கள் நாலு பேருக்கும் பிரிட்ஜ் வந்தது அப்படித்தான். புத்தகத்தை எழுதியவர் டெரன்ஸ் ரீஸ் என்ற ஆங்கிலேயர். அந்தப் புத்தகத்தை நாங்கள் மூன்று வருஷம் வேதம் மாதிரி படித்தோம். எங்கள் வாத்தியார் மீதே உலக அரங்கில் சைகைக் குற்றச்சாட்டு வந்திருந்தது, அதுவும் நாங்கள் படிப்பதற்கு எட்டு வருஷத்துக்கு முன்பே, என்பது எனக்குத் தெரிந்தது 1980-களில்தான்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 52 சீட்டு, நாலு பேர், தலைக்கு 13. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. முதலில் 28-இல் கேட்பது போலவே கேள்வி உண்டு. இத்தனை பிடி எடுப்போம், துருப்பு இது என்று மாறி மாறிக் கேட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். ஒப்பந்தம் எடுத்தவரின் ஜோடி தன் சீட்டை மேசையில் விரித்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருக்கு டம்மி என்று பெயர். பிறகு ஆட்டம். இதில் முக்கியமான சட்டம் ஒன்று: உங்கள் ஜோடிக்கு உங்கள் கையைப் பற்றி நீங்கள் எதைச் சொன்னாலும் அது கேட்ட கேள்வியாலும் போட்ட சீட்டாலும் மட்டுமே சொல்லப்பட வேண்டும். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்டால் ஒளிக்காமல் சொல்லவும் வேண்டும். முகம், குரல், விரல், இருமல் எதுவும் பேசக் கூடாது.

ரீஸ் பிறந்தது 1913-இல், இங்கிலாந்தில் எப்ஸம் என்ற ஊரில். ஆக்ஸ்போர்டு நியூ காலேஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்து முதல் வகுப்பில் தேறினார். அந்தக் காலத்தில் அப்படித் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கோ பேராசிரியர் வேலைக்கோ போவார்கள். இவர் லண்டனில் ஹாரட்ஸ் என்ற பெரிய கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். அதையும் விட்டுவிட்டுச் சீட்டாட்டத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார். நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

லண்டனில் ஏக்கால் ரோடு என்று ஒரு தெரு. அங்கே இருந்த ஒரு சின்ன பிரிட்ஜ் கிளப்பில் 1930-களில் சில இளைஞர்கள் கூடிக் கேள்வி கேட்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். ஜாக் மார்க்ஸ், எஸ். ஜே. சைமன், ஹாரிசன்-கிரே, பிற்காலத்தில் பிரிட்டனின் நிதி மந்திரியான இயன் மெக்லவுட் ஆகியோரோடு ரீஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தெருவின் பெயரே முறைக்கும் பெயராகிவிட்டது: ஏக்கால். 1938-இல் அந்த முறையைப் பற்றிய முதல் புத்தகத்தை பென் கோஹனும் ரீஸும் சேர்ந்து எழுதினார்கள். அப்போது ரீஸுக்கு வயது 25 கூட ஆகியிருந்தால் அதிசயம். பிரிட்டனின் கிளப்புகளில் பல தலைமுறைகள் இந்த முறையில்தான் ஆடின. ஏக்காலின் சாரம், கையில் உள்ள பலத்தை முடிந்தவரை ஒரே கேள்வியில் சொல்லிவிட்டு, மீதியை ஜோடியின் புத்திக்கு விட்டுவிடுவது. சுற்றி வளைப்பது கிடையாது.

யுத்தம் முடிந்தபின் ரீஸின் பொற்காலம். ஐரோப்பியச் சாம்பியன் பட்டம் 1948, 1949, 1954, 1963 என்று நான்கு தடவை. 1955-இல் நியூயார்க்கில் நடந்த பெர்முடா கோப்பையில் அமெரிக்காவைத் தோற்கடித்து பிரிட்டன் உலகச் சாம்பியன் ஆனது. அந்த அணியில் ரீஸும் அவருடைய ஜோடி போரிஸ் ஷபிரோவும் இருந்தார்கள். அதற்கு முன் அந்தக் கோப்பை அமெரிக்காவை விட்டு வெளியே போனதில்லை. ஷபிரோ ரிகாவில் பிறந்தவர். வாய் ஓயாத ஆள், கேலியும் கிண்டலுமாக இருப்பார். ரீஸ் நேர் எதிர். ஒரு வார்த்தைக்கு இரண்டாவது வார்த்தை சேர்க்கமாட்டார். சொல்லும் ஒன்றும் ஊசி மாதிரி இறங்கும். இந்த இரண்டு பேரும் எப்படி இருபது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

பட்டங்களை இத்தோடு விட்டுவிடுகிறேன். ரீஸ் நிலைத்திருப்பது எழுத்தால். 'ரீஸ் ஆன் பிளே' 1947-இல் வந்தது. 'தி எக்ஸ்பர்ட் கேம்' 1958-இல். எங்கள் கிழிந்த அட்டைப் புத்தகம் 1960-இல். அதுவரை பிரிட்ஜ் புத்தகம் என்றால் நாலு கையையும் படம் போட்டுக் காட்டி, இப்படி ஆடினால் ஜெயிக்கலாம் என்று சொல்லும். பரீட்சை முடிந்தபின் விடைத்தாளைப் பார்ப்பது மாதிரி. ரீஸ் 'பிளே பிரிட்ஜ் வித் ரீஸ்' புத்தகத்தில் வேறு வழி பிடித்தார். உங்களை அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவைத்துவிடுகிறார். அவர் கையிலுள்ள 13 சீட்டு மட்டும்தான் உங்களுக்கும் தெரியும். கேள்வி நடக்கிறது. டம்மி விரிகிறது. எதிராளி ஒரு சின்னச் சீட்டைப் போடுகிறார். ரீஸ் தனக்குள் பேசிக்கொள்கிறார்: இவர் ஏன் இதைப் போட்டார், அவரிடம் ராஜா இருந்திருந்தால் முதலிலேயே கேட்டிருப்பாரே, கேட்காமல் இருந்தாரே. ஒவ்வொரு படியாக, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகிறார். மற்ற இரண்டு கையும் கடைசியில்தான் கண்ணில் படும். அதற்குள் அவற்றில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எங்கள் அறையில் நாங்கள் அதை நாடகம் மாதிரி நடத்துவோம். ஒருவன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பான், அடுத்த வரியை அட்டையால் மறைத்துக்கொண்டு. மற்ற மூன்று பேரும் அடுத்த சீட்டைச் சொல்லணும். கட் அடித்த வகுப்புகளில் கற்றதைவிட இதில் அதிகம் கற்றோம் என்று சொன்னால் எங்கள் சார்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ரீஸிடம் கற்றதில் ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல ஆசை. கணித மாணவர்கள் கவனிக்கவும். ஒரு இனத்தில் நம் கையிலும் டம்மியிலுமாக 9 சீட்டு இருக்கிறது. டம்மியில் ஏஸ், ராஜா, 10, 9 உண்டு. நம்மிடம் இல்லாதது நாலே நாலு: ராணி, ஜாக்கி, இரண்டு சின்னச் சீட்டு. டம்மியிலிருந்து ஏஸை இறக்குகிறோம். டம்மிக்கு அடுத்து ஆடுபவர் ராணியைப் போடுகிறார். இப்போது ஜாக்கி எங்கே? ராணியும் ஜாக்கியும் அவரிடமே ஜோடியாக இருந்தன என்று நினைத்து அடுத்து ராஜாவைப் போட்டால் ஜாக்கி விழும். அல்லது ராணி அவரிடம் தனியாக இருந்தது, ஜாக்கி மற்றவரிடம் இருக்கிறது என்று நினைத்து, நம் கையிலிருந்து ஆடி, டம்மியின் 10-ஐப் போட்டு அதை மடக்கலாம். எது சரி?

பார்த்தவுடன் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றுதான் தோன்றும். ராணி-ஜாக்கி ஜோடியாக அவரிடம் இருக்க வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 6.8. ராணி தனியாக இருக்க வாய்ப்பு சுமார் 6.2. ஆனால் யோசியுங்கள்: இரண்டும் அவரிடம் இருந்திருந்தால் அவர் ராணியையும் போட்டிருக்கலாம், ஜாக்கியையும் போட்டிருக்கலாம். பாதித் தடவை ஜாக்கியைத்தான் போட்டிருப்பார். ராணி மட்டும் இருந்திருந்தால் அவருக்கு வேறு வழியே இல்லை. எனவே ராணி விழுந்ததைப் பார்த்த நமக்கு 6.8-இல் பாதிதான் கணக்கு. 3.4-க்கு எதிராக 6.2. கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று, மடக்குவதே சரி. மூன்று கதவு, ஒரு கார், இரண்டு ஆடு என்ற புதிரால் 1990-இல் அமெரிக்காவில் பேராசிரியர்களே சண்டை போட்டார்களே, அதன் உள்கணக்கும் இதே ஜாதிதான். ரீஸ் அதை 1958 புத்தகத்தில் சீட்டாட்டக்காரனுக்குப் புரிகிற பாஷையில் விளக்கிவிட்டார். எங்கள் கணக்கு சார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிட்டு, "அட, ஆமாம்பா" என்றார்.

இந்தக் கருத்தை முதலில் எழுதியவர் ரீஸ் இல்லை. ஆலன் ட்ரஸ்காட் என்ற மற்றொரு ஆங்கிலேயர். அவரும் பிரிட்டன் அணிக்கு ஆடியவர். உலகத்துக்குப் பரப்பியதுதான் ரீஸ். ட்ரஸ்காட் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1965 மே மாதம், அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரம். பெர்முடா கோப்பைக்காக இத்தாலி, வட அமெரிக்கா, பிரிட்டன், அர்ஜென்டினா ஆகிய நான்கு அணிகள். அமெரிக்க அணியில் பி. ஜே பெக்கர் என்ற மூத்த ஆட்டக்காரர். அவர் கண்ணில் ஒரு விஷயம் பட்டது: ரீஸும் ஷபிரோவும் சீட்டைப் பிடிக்கும் விதம் கைக்குக் கை மாறுகிறது. ஒரு தடவை சீட்டுக்குப் பின்னால் இரண்டு விரல் தெரிகிறது, அடுத்த தடவை மூன்று. சில சமயம் விரல்கள் ஒட்டி இருக்கின்றன, சில சமயம் விரிந்து இருக்கின்றன. தன் ஜோடி டாரதி ஹேடனிடம் சொன்னார். பிறகு, அப்போது நியூயார்க் டைம்ஸின் பிரிட்ஜ் ஆசிரியராக இருந்த நம் ட்ரஸ்காட்டிடம் சொன்னார்கள். இவர்கள் பல ஆட்டங்களில் விரல்களைக் குறித்துக்கொண்டு, பிறகு அந்தக் கைகளில் என்ன சீட்டு இருந்தது என்று பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு ராத்திரி ட்ரஸ்காட்டுக்கு விடை கிடைத்தது: விரல்கள் ஆட்டின் எத்தனை இருக்கிறது என்று சொல்கின்றன. வேறு இனம் எதுவும் இல்லை, ஆட்டின் மட்டும்.

எனக்கு இங்கே ஒரு குறுக்கு யோசனை. அதே வருஷங்களில் ரீஸும் ஜெரமி ஃபிளிண்டும் சேர்ந்து 'லிட்டில் மேஜர்' என்று புதிய கேள்வி முறை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கிளாவர் என்று கேட்டால் அர்த்தம் ஆட்டின் இருக்கு என்பது. ஆட்டின் மேல் அவருக்கு என்ன மோகமோ!

பிரிட்டிஷ் பிரிட்ஜ் லீகின் தலைவர் ஜெஃப்ரி பட்லரிடம் விஷயம் போனது. அவரும் உட்கார்ந்து பார்த்தார். பிரிட்டிஷ் அணியின் ஆடாத கேப்டன் ரால்ப் ஸ்விமரும் பார்த்தார். இருவருக்கும் சந்தேகம் உறுதியானது. தன் அணிக்காரர்கள் மீதே கேப்டன் குற்றம் கண்டு, அமெரிக்காவுடனும் அர்ஜென்டினாவுடனுமான ஆட்டங்களை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். அந்த மனுஷனின் நிலையை நினைத்துப்பாருங்கள். தன் தேசத்தின் மிகப் பெரிய ஜோடி. உலக பிரிட்ஜ் சம்மேளனம் இருவரும் குற்றவாளிகள் என்று அங்கேயே தீர்மானித்தது. ரீஸும் ஷபிரோவும் மறுத்தார்கள். கோப்பை இத்தாலிக்குப் போனது. உலகப் பத்திரிகைகளில் முதல் பக்கத்துக்கு வந்தது விரல்கள்தான்.

லண்டனில் பிரிட்டிஷ் லீக் தனியாக ஒரு விசாரணை வைத்தது. பெரிய வழக்கறிஞரும் பார்லிமெண்ட் உறுப்பினருமான சர் ஜான் ஃபாஸ்டர் தலைமை. கூட ஜெனரல் லார்டு பூர்ன். மாதக்கணக்கில் நடந்த இந்த விசாரணையைப் பற்றிப் படித்தபோது என்னைப் பிடித்து உலுக்கியது ஒன்று. பார்த்தவர்களின் சாட்சியம் ஒரு பக்கம் இருக்க, ஆடிய சீட்டுகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஜோடியிடம் ஐந்து ஆட்டின் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவன் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பானா? இந்தச் சீட்டைப் போட்டிருப்பானா? கைக்குக் கை அலசினார்கள். யோசித்துப்பாருங்கள், இது ரீஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தைதான். போட்ட சீட்டிலிருந்து போட்டவனுக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடிப்பது. அவர் புத்தகமே அவரை விசாரித்தது போல.

1966 ஆகஸ்டில் வந்த அறிக்கை, நேரில் பார்த்தவர்களின் சாட்சியம் வலுவானது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஆடிய விதமும் கேட்ட விதமும் அதைத் தாங்கவில்லை. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று முடித்தது. பிரிட்டிஷ் லீக் அதை ஏற்றது. உலக சம்மேளனம் ஏற்கவில்லை. 1967-இல் தன் பழைய தீர்ப்பையே திரும்பச் சொன்னது. இவர்களை ஏற்கமாட்டோம் என்று சொன்னதால் 1968 ஒலிம்பியாடுக்கு பிரிட்டன் அணியே போகவில்லை.

பிறகு பேனாச் சண்டை. ரீஸ் 1966-இல் 'ஸ்டோரி ஆஃப் ஆன் அக்யுசேஷன்' எழுதினார். ட்ரஸ்காட் 1969-இல் 'தி கிரேட் பிரிட்ஜ் ஸ்கேண்டல்' எழுதினார். ஒரே கருத்தைக் கண்டுபிடித்தவரும் பரப்பியவரும் இப்படி எதிரெதிரே வந்து நின்றார்கள். ரீஸின் புத்தகம் எனக்கு முதலில் கிடைத்தது, சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில். படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. அவ்வளவு அருமையான வாதம். ஒரு வேண்டாத வார்த்தை இல்லை. சீட்டைப் பலவிதமாகப் பிடிப்பது மனுஷ இயல்பு என்கிறார். எத்தனையோ கைகளில் ஆட்டின் கணக்கு தெரிந்திருந்தால் நாங்கள் இப்படித் தோற்றிருப்போமா என்று கேட்கிறார். சில வருஷம் கழித்து ட்ரஸ்காட்டின் புத்தகமும் கைக்கு வந்தது. அவர் ரீஸ் மாதிரி எழுத்தாளர் இல்லை. ஆனால் அவரிடம் பட்டியல் இருக்கிறது. விரல் இத்தனை, ஆட்டின் இத்தனை, விரல் இத்தனை, ஆட்டின் இத்தனை. ரீஸ் ஃபிளிண்டோடு ஆடியபோது இந்த விரல் விளையாட்டு தென்படவில்லை என்றும் குற்றம் சாட்டியவர்கள் சொன்னார்கள்.

என் ரூம்மேட் இன்று ஒரு ஜில்லா கோர்ட்டில் மூத்த வக்கீல். அவனும் நானும் இதைப் பற்றி முப்பது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறோம். அவன் கட்சி: "ஃபாஸ்டர் சொன்னது சரி. பார்த்தவங்க எல்லாம் முதல்லயே சந்தேகத்தோட பார்த்தவங்க. ஆட்டத்துல பலன் தெரியலைன்னா குற்றம் எங்கே?" நான் கணக்கு வாத்தியார், என் கட்சி வேறு. சைகை வாங்கியவன் ஒவ்வொரு கையிலும் அதைப் பயன்படுத்தினால் மாட்டிக்கொள்வான், அது ரீஸுக்குத் தெரியாதா? ஆட்டின் எண்ணிக்கை பல கைகளில் பிரயோஜனப்படவே படாது. எனவே ஆட்டத்தில் தடயம் இல்லை என்பது குற்றமற்றவன் என்பதற்குப் பெரிய சாட்சி ஆகாது. ஆனால் விரலும் ஆட்டினும் கைக்குக் கை பொருந்துவது தற்செயலாக நடப்பது மிக மிக அரிது. ராணி விழுந்தபோது அவனுக்கு வேறு வழி இருந்ததா என்று கேள் என்றுதானே ரீஸ் சொல்லிக்கொடுத்தார்? அதே கேள்வியை அவர் விரலிடம் கேட்டால் பதில் அவருக்குச் சாதகமாக வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவன் சிரித்துக்கொண்டே, "உன் கணக்கை வெச்சு ஒருத்தனைத் தூக்குல போட முடியாதுடா" என்பான். அதுவும் சரிதான்.

பிற்காலத்தில் ரீஸ் ஆடியதைவிட எழுதியதே அதிகம். தி அப்சர்வர் பத்திரிகையில் பல பத்தாண்டுகள் பத்தி எழுதினார். 'பிரிட்ஜ் அட் தி டாப்' என்று 1977-இல் சுயசரிதை. டேவிட் பேர்டு என்பவரோடு சேர்ந்து, ஒரு கிறிஸ்தவ மடத்துச் சாமியார்கள் பிரிட்ஜ் ஆடும் கதைகளாக 1980-களில் எழுதிய புத்தகங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும். எதிராளியை இரண்டு பக்கமும் நெருக்கிச் சீட்டை உதறவைக்கும் தந்திரங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன: ஒன்று 'வைஸ்', நம் பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அதே வைஸ், இன்னொன்று 'விங்கிள்', ஊசியால் ஓட்டிலிருந்து குத்தி எடுத்துத் தின்னும் ஒரு கடல் நத்தை. 1996 ஜனவரி 29-இல் ஹோவ் என்ற கடற்கரை ஊரில் காலமானார். வயது 82. ஷபிரோ அதன்பிறகும் ஆடினார். 1998-இல், 89 வயதில், உலக முதியோர் ஜோடிப் பட்டத்தை வென்றார்! 2002-இல் போனார்.

2005-இல் ஒரு பிரிட்ஜ் பதிப்பாளர், ரீஸ் தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்: சைகை கொடுத்தது உண்மை, ஆனால் ஜெயிக்க இல்லை, மோசடி எவ்வளவு சுலபம் என்று ஒரு புத்தகம் எழுதுவதற்கான ஆராய்ச்சி அது என்று. இதை நம்பியவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. இரண்டு பேரும் உயிரோடு இல்லாதபோது வந்த பேச்சு. என் வக்கீல் நண்பன் காது கொடுத்தே கேட்கவில்லை: "செத்தவன் சொன்னதா இன்னொருத்தன் சொல்றான். கோர்ட்டுல நிக்குமா?" எனக்கு அந்தச் சமாதானம் வேறு விதத்தில் உறுத்தியது. ஆராய்ச்சிக்கு உலகக் கோப்பைதானா கிடைத்தது? கூட ஆடிய நாலு பேரின் உழைப்பு என்னாவது? ஹாரிசன்-கிரேயும் கான்ஸ்டமும் அந்த அணியில்தான் இருந்தார்கள். ஒருவர் ஏக்கால் கிளப் நாளிலிருந்து கூட்டாளி, மற்றவர் 1955-இல் தோளோடு தோள் நின்று கோப்பை ஜெயித்தவர்.

ஒரு விஷயம் மட்டும் நன்றாக நடந்தது. 1975-இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் முதல் தடவையாக மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். ஜோடியின் முகமும் கையும் தெரியாது. அந்தப் போட்டியிலேயே ஒரு ஜோடி காலால் தட்டுகிறது என்று புகார் வந்து, மேசைக்கு அடியிலும் தடுப்பு வைத்தார்கள்! மனுஷனுக்கு அவயவம் இருக்கிறவரை சைகை இருக்கும் போலிருக்கிறது. 2015-இல் நார்வே ஆட்டக்காரர் போயே ப்ராக்லாண்ட் துணிந்து வெளியே சொல்ல, உலகின் முதல் வரிசை ஜோடிகள் சில மாட்டின. அப்போது போட்டியின் வீடியோக்கள் இருந்தன. பல தேசத்துக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மர்மத்தை அவிழ்த்தார்கள். 1965-இல் அப்படி ஒரு வீடியோ இருந்திருந்தால் எங்கள் முப்பது வருஷச் சண்டை ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும்.

ஆனாலும் ரீஸின் புத்தகத்தை நான் தூக்கிப் போடவில்லை. என்னிடம் பிரிட்ஜ் கற்க வரும் பையன்களுக்கு இன்றும் அதைத்தான் கொடுக்கிறேன். போனஸ் அயர்ஸ் கதையையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியபிறகு கேட்டு வருகிற பையன்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். ஒருவன் கேட்டான்: "சார், திருடினவர்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் ஏன் அவர் புத்தகம்?" அந்த இரண்டுக்கு ஒன்று கணக்கை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். "கணக்கு சரியா இருக்கா?" என்றேன். "சரியாத்தான் இருக்கு சார்" என்றான். அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. அங்கே வாங்கிய அந்தப் புத்தகத்தை, அண்ணன் விடுதியைக் காலி செய்யும்போது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் ஒவ்வொரு சந்திப்புக்கும் அவர் வருவார், நாலாவது கையாக உட்காருவார். உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, "டேய், காதுல இருந்து கையை எடு". போன வருஷம் அவர் காலமானார். இந்தத் தடவையும் சீட்டுக் கட்டும் அந்தப் புத்தகமும் கொண்டுவருகிறேன். இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய காமன் ரூமில் நாங்கள் மூன்று பேர் இருப்போம். ஆடத் தெரிந்தவர்கள், தெரியாவிட்டாலும் கற்க ஆசையுள்ள மாணவர்கள், யாராவது ஒருவர் வாருங்கள். ஒரு கை குறைகிறது.